பால் பாக்கெட்டின் உள்கதை

அண்ணாந்து பாருங்கள்! மாடி உயரத்துக்குக் காற்றை அடைத்துக்கொண்டு நிற்கிறதே, பிளாஸ்டிக் தூண், அதுதான் அச்சேறி, பால் நிரம்பி உங்கள் வீட்டு வாசலுக்கு வரப்போகிறது. பிலிம் ஊதும் ஆலைகளில் இதற்கு 'பபிள்' என்று பெயர். உருகிய பிளாஸ்டிக் பிதுங்கி வரும் டை பக்கம் மட்டும் கையை நீட்டிவிடாதீர்கள். 180 டிகிரி வாக்கில் கொதிக்கிறது.

ரகசியம் மூலப்பொருளைக் கொட்டும் ஹாப்பரில் இருக்கிறது. எல்.டி. ஒரு மூட்டை, எல்.எல். ஒரு மூட்டை. இரண்டுமே பாலிஎத்திலீன், வெறும் கார்பனும் ஹைட்ரஜனும்தான். பிறகு எதற்கு இரண்டு? எல்.டி. மட்டும் போட்டால் பாக்கெட் எளிதில் கிழியும். எல்.எல். மட்டும் போட்டால் பபிள் ஆட்டம் போடும். கலந்தால் பிழைத்தோம்!

ஆனால் நிஜமாகவே கலக்கிறதா? இங்கேதான் வேடிக்கை.

அதே பாலிஎத்திலீன் குடும்பத்தில், தடித்த பாட்டில்களுக்குப் போகும் எச்.டி.யின் மூலக்கூறுச் சங்கிலி ஈர்க்குச்சி மாதிரி, கிளையே கிடையாது. எல்.எல்.லில் குட்டிக் குட்டிக் கிளைகள். எல்.டி. சரியான கருவேலஞ்செடி. எச்.டி.யையும் எல்.டி.யையும் சேர்த்து உருக்கினால் ஒன்றாகிவிடும். மெதுவாக ஆறவிட்டால் போச்சு! எச்.டி. முந்திக்கொண்டு தனியே படிகமாகும், எல்.டி. பிந்தி வரும். மறுபடி சூடாக்கினால் குட்டு வெளிப்படும்: 110 டிகிரி வாக்கில் ஒன்று, 130 வாக்கில் இன்னொன்று என இரண்டு தவணையாக உருகும். கிளை குறைந்த எல்.எல். என்றால் எச்.டி.யோடு ஒரே படிகத்திலேயே இடம் பிடித்துவிடும். கிளைகள் மிகவும் கூடி, 100 கார்பனுக்கு எட்டைத் தாண்டினால், எச்.டி.யோடு உருகிய நிலையிலேயே முறுக்கிக்கொண்டு பிரிந்துவிடும். இன்னொரு கூத்து: எல்.எல்.லின் சங்கிலிகளுக்குக் கிளைகள் சமமாக வாய்ப்பதில்லை. சில சமயம் அது தனக்குள்ளேயே ஒத்துப்போகாது!

இதெல்லாம் கண்ணுக்குத் தெரியுமா? எக்ஸ் கதிருக்கே உருகிய எச்.டி.யும் எல்.டி.யும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால் விஞ்ஞானிகள் ஒரு ரகத்தின் ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வடிவமான டியூட்டீரியத்தை வைத்து, கலவையில் நியூட்ரானைப் பாய்ச்சினார்கள். நியூட்ரானுக்கு இரண்டும் வேறு வேறு! உருகிய எச்.டி.யும் எல்.டி.யும் பிரிகின்றனவா என்று வருடக்கணக்கில் நடந்த சண்டையில், 1994இல் வெளியான அமெரிக்க ஆய்வு 'ஒன்றாகத்தான் இருக்கின்றன' என்றது.

பால் பாக்கெட்டில் கலந்திருக்கும் எல்.டி.யும் எல்.எல்.லும் ஒரே உலையில் மறுபடி உருகக்கூடியவை. மறுசுழற்சிக்குத் தோதான சரக்கு. ஆகவே மூலையைத் துண்டாக வெட்டி எறியாதீர்கள். பாக்கெட்டோடு ஒட்டியிருக்கும்படி கீறிவிடுங்கள். அந்தக் குட்டித் துண்டைப் பொறுக்க யாராலும் முடியாது.