வண்ண மீனும் தொட்டி நீரும்

வீட்டோடு இருந்து செய்யத்தக்க உபதொழில்களுள் வண்ண மீன் வளர்ப்பும் ஒன்று. சென்னைக் கொளத்தூரில் இதனையே ஜீவனமாகக் கொண்ட குடும்பங்கள் பல உள்ளன. தறிக்கூடத்தின் பக்கத்திலோ கிணற்றடியிலோ சிமெண்டுத் தொட்டி கட்டி இத்தொழிலில் இறங்க விரும்பும் அங்கத்தினர், மீனை வாங்குமுன் தம் நீரை அறிந்துகொள்ள வேண்டும். தீனியில் குறைவின்றியும் நோய் காணாமலும் ஒரே இரவில் குஞ்சுகள் மிதந்து, போட்ட முதல் போய்விடுவதற்குப் பல சமயங்களில் நீரே காரணமாகும்.

நீரின் குணம் நம்மவர்க்குப் புதிய விஷயமன்று. கடின நீரில் சாயம் சீராக ஏறாது என்பதை நெசவாளர் அறிவர். களர் நிலத்துக்கு ஜிப்சம் இட வேண்டும் என்பதை விவசாயி அறிவார். அந்த அறிவே இங்கும் உதவும்.

பி.எச். என்பது யாது?

நீர் அமிலமா காரமா என்பதைக் காட்டும் அளவே பி.எச். டென்மார்க்கு தேசத்து ரசாயன அறிஞர் ஸோரென்ஸென் 1909-ஆம் ஆண்டில் இதனை வகுத்தார். 7 நடுநிலை; அதற்குக் கீழ் அமிலம், மேல் காரம். ஒரு படி இறங்கினால் அமிலத் தன்மை பத்து மடங்கு மிகும். ஆதலால் ஒரு படி மாறுதல் மீனுக்கு அற்பமன்று.

அமேசான் படுகையைச் சேர்ந்த நியான் டெட்ரா, 7-க்குக் கீழ்ப்பட்ட மென்னீரை நாடும். ஆப்பிரிக்காவின் டாங்கனீக்கா ஏரியில் வாழும் சிக்லிட் மீன்களோ 9-ஐ ஒட்டிய கார நீருக்குப் பழகியவை. கப்பி, மோலி, பிளாட்டி ஆகியன 7 முதல் 8 வரையுள்ள கடின நீரில் நன்கு பெருகும்.

அளக்கும் முறை

ஆழ்கிணற்று நீரில் கரியமில வாயு கரைந்திருக்கும். இறைத்தவுடன் அளந்தால் அளவு குறைவாகத் தோன்றும். வாயு வெளியேறியபின் ஏறும். ஆகவே ஒரு நாள் காற்றுப்பட வைத்திருந்து அளக்க வேண்டும். புரோமோதைமால் நீலம் என்னும் சோதனைத் திரவம் அமில நீரில் மஞ்சளாகவும், நடுநிலையில் பச்சையாகவும், கார நீரில் நீலமாகவும் காட்டும். புதிய சிமெண்டுத் தொட்டியில் சுண்ணாம்பு கசிந்து காரம் மிகும். தொட்டி நீரின் அளவும் கிணற்று நீரின் அளவும் ஒத்து வரும்வரை நிரப்பி நிரப்பி வடித்தல் அவசியம்.

பலர் செய்யும் தவறு

அளவு 8 எனக் கண்டதும் அமிலத்தை ஊற்றிக் குறைக்க முயல்வோர் உண்டு. கடின நீரிலுள்ள பைகார்பனேட்டு உப்புக்கள் அமிலத்தை எதிர்த்து நிற்கும். அன்று இறங்கிய அளவு மறுநாள் மீண்டும் ஏறும். திரும்பத் திரும்ப ஊற்றினால் அவ்வுப்புக்கள் தீர்ந்து, அளவு திடீரெனச் சரியும். இந்த ஏற்ற இறக்கமே மீனை மாய்க்கிறது. மாறாத 7.8, நாள்தோறும் மாறும் 6.8-ஐவிட மேலானது.

அழுக்குத் தொட்டியில் அளவை உயர்த்துவதும் ஆபத்தே. மீன் கழிவால் தோன்றும் அம்மோனியாவில் நச்சாக நிற்கும் பங்கு, நமது வெப்பத்தில், 7-ல் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. 8-ல் ஆறுக்கு மேல்.

செய்யத்தக்கது

மென்னீர் வேண்டுமாயின், சுத்தமான மழைநீரைக் கிணற்று நீருடன் கலந்து பயன்படுத்தலாம். தனி மழைநீரில் அளவை நிலைநிறுத்தும் உப்புக்கள் இல்லாமையால் அது உதவாது. காரம் வேண்டுமாயின், கிளிஞ்சல் அல்லது சுண்ணாம்புக்கல் இடலாம். நாட்டு வாதுமை இலை கடின நீருக்கு நிறம் தருமேயன்றி அளவை அதிகம் குறைக்காது. வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மாற்றுக. புதிய மீனைத் தொட்டியில் விடுமுன், அது வந்த நீரில் தொட்டி நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பழக்குக.

யாவற்றினும் சிக்கனமான வழி, நம் கிணற்று நீருக்கு ஏற்ற மீனைத் தேர்ந்தெடுப்பதே. சோதனைப் பெட்டியை ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்க வேண்டியதில்லை. சங்கத்தில் ஒன்று இருந்தால் அங்கத்தினர் அனைவரும் தத்தம் நீரைக் கொணர்ந்து அளந்து கொள்ளலாம். மீனுக்குப் பணம் கொடுக்குமுன் இதனைச் செய்துகொள்வது நலம்.