அருணாசலத்துக்கு வராத யுங்

மனிதரின் ஆளுமை எவற்றால் ஆனது என்ற கேள்விக்கு உளவியல் தந்த விடைகளுள் பரவலாக அறியப்பட்டது சிக்மண்ட் ஃப்ராய்டுடையது. உடனடி நிறைவை நாடும் இயல்பூக்கங்களின் களமாகிய 'இட்', பெற்றோரிடமிருந்தும் சமூகத்திடமிருந்தும் உள்வாங்கிய கட்டளைகளாகிய 'சூப்பர் ஈகோ', இவ்விரண்டுக்கும் புற உலகுக்கும் இடையே இணக்கம் தேடும் 'ஈகோ' என்று 1923இல் வெளிவந்த நூலில் அவர் மனத்தைப் பகுத்தார். ஈகோ வலுப்பெற வேண்டும் என்பதே அவர் வழிவந்த சிகிச்சையின் நோக்கம்.

அதே 1923இல்தான் ரமண மகரிஷியின் 'நான் யார்?' முதன்முதலாக அச்சேறியது. 1902 வாக்கில் திருவண்ணாமலையில் பேசாதிருந்த இளம் ரமணரிடம் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளும், அவற்றுக்கு ரமணர் எழுதிக்காட்டிய விடைகளுமே அந்நூலின் கரு. எல்லா எண்ணங்களுக்கும் முன்னே எழுவது 'நான்' என்னும் நினைவு என்றும், அது எங்கிருந்து எழுகிறது என்று நாடினால் அது அடங்கி ஆன்மா மட்டுமே எஞ்சும் என்றும் அது கூறுகிறது. ஃப்ராய்டு வலுப்படுத்த விரும்பிய ஒன்றை ரமணர் விசாரணைக்கு உள்ளாக்கினார்.

இருவருக்கும் நடுவே நிற்பவர் கார்ல் யுங். ஈகோ நனவு மனத்தின் மையம் மட்டுமே என்றும், நனவையும் நனவிலியையும் தழுவிய முழுமையே 'செல்ஃப்' என்றும் அவர் கொண்டதால், அவரும் ரமணரும் சொல்வது ஒன்றே என்ற கருத்தை அடி அண்ணாமலை வழியே செல்லும் கிரிவலப் பாதையை ஒட்டித் தங்கியிருக்கும் அயல்நாட்டு அன்பர்களிடமும் கேட்கலாம். அது பொருந்தாத ஒப்பீடு. ஈகோ என்னும் அறிபவர் இல்லாத நனவு நிலையைத் தம்மால் கற்பனை செய்யவே இயலவில்லை என்பது யுங்கின் உறுதியான நிலைப்பாடு. ரமணரோ ஆழ்ந்த உறக்கத்தைச் சுட்டுவார்: அங்கே 'நான்' என்னும் நினைவு இல்லை, ஆயினும் விழித்தவர் எவரும் தாம் உறக்கத்தில் இல்லாமற்போனதாகக் கருதுவதில்லை. யுங்குக்கு உறக்கம் நனவிலி. ரமணருக்கு அது ஈகோ இன்றியும் இருப்பு உண்டு என்பதற்குச் சான்று. இந்த முரணைப் பூசி மெழுகுவது இருவருக்குமே செய்யும் அநீதி.

இந்திய அறிவியல் மாநாட்டின் வெள்ளி விழாவையொட்டி 1937 இறுதியில் இந்தியா வந்த யுங், தென்னாட்டில் பயணம் செய்தும் ரமணரைக் காணவில்லை. 1943இல் மறைந்த இந்தியவியலாளர் ஹைன்ரிஹ் சிம்மர் ரமணரைப் பற்றி எழுதிய நூல் 1944இல் வெளிவந்தபோது, அதற்கு எழுதிய முன்னுரையில் யுங் இதைக் குறிப்பிட்டு, திருவனந்தபுரத்தில் தாம் சந்தித்த ரமணரின் அடியவர் ஒருவரை, பிள்ளைகளை வளர்க்கும் பாரத்தைச் சுமந்த அந்த எளிய மனிதரை, குருவினும் மேலாக வியக்கிறார். அந்த வியப்பில் நேர்மை உண்டு. ஆயினும் அவர் அறியத் தவறியது ஒன்றும் உண்டு. குடும்பத்தைத் துறக்க அனுமதி கேட்டு வந்த இல்லறத்தாரை, இருக்கும் இடத்திலேயே இருந்து விசாரம் செய்யுமாறுதான் ரமணர் திருப்பி அனுப்பினார். யுங் விதிவிலக்கென எண்ணிய அந்த அடியவர், குருவின் சொற்படியே வாழ்ந்துகொண்டிருந்தார்.