வீட்டுக்கு ட்ரெட்மில்: யார் ஏறப் போகிறார்கள்?

மாலை மழையும் அவ்வப்போது வரும் புகைமூட்டமும் நடைப்பயிற்சியைக் கெடுப்பதால் ட்ரெட்மில் வாங்க நினைப்பவர்கள் பலர். ஓடப் போவது மகனா, நடக்கப் போவது இனிப்புநீர் உள்ள அம்மாவா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் குதிரைச் சக்தி பெரும்பாலும் மோட்டார் சிறிது நேரமே தரும் உச்ச அளவு. தொடர்ந்து தரும் சக்தி எவ்வளவு என்று கடையில் கேளுங்கள். நடக்க 1.5 முதல் 2 வரை போதும். ஓட 2.5க்குக் குறையக்கூடாது.

அம்மாவுக்கென்றால் வேகம் முக்கியமல்ல. நீளமான பக்கக் கைப்பிடிகள், 45 செண்டிமீட்டர் அகலப் பட்டை, ஆடையில் மாட்டும் பாதுகாப்புச் சாவி ஆகியவைதான் முக்கியம். தடுமாறினால் சாவி கழன்று இயந்திரம் நின்றுவிடும். கட்டிலுக்கு அடியில் தள்ளி வைக்கும் மெல்லிய வகைகள் பலவற்றில் கைப்பிடியே இல்லை. விலை மலிவென்றாலும் முதியவர்களுக்கு அவை வேண்டாம்.

இனிப்புநீரால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் புண்பட்டதே தெரியாது. காலணி அணிந்தே ஏற வேண்டும்.

இயந்திரத்தின் பின்பக்கம் 2 மீட்டராவது காலியாக இருக்கட்டும். சுவரை ஒட்டி வைத்தால், விழுபவர் பட்டைக்கும் சுவருக்கும் இடையில் சிக்கிக்கொள்வார். அடுக்குமாடியில் இருப்பவர்கள் கீழ்வீட்டாரையும் நினைத்து ரப்பர் விரிப்புப் போடுங்கள். பயிற்சி முடிந்ததும் சாவியைப் பேரப்பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள்.