ரோட்டா சொட்டு மருந்து நம் ஊருக்கு வந்த வழி



"போலியோ சொட்டுதான் போட்டாச்சே, இது என்ன இன்னொரு சொட்டு?" என்று குழுக் கூட்டங்களில் இளம் தாய்மார்கள் எங்களிடம் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இது போலியோவுக்கு இல்லை. ரோட்டா என்ற வைரஸ் கிருமியால் வரும் கடுமையான வயிற்றுப்போக்கைத் தடுக்கும் மருந்து. இந்த மருந்து வருவதற்கு முன், ரோட்டா பேதியால் மட்டும் நம் நாட்டில் ஆண்டுக்கு சுமார் 78 ஆயிரம் சின்னக் குழந்தைகள் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

1980-களின் நடுவில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் டாக்டர் எம்.கே. பான் குழுவினர் ஒன்றைக் கவனித்தார்கள். பிறந்த குழந்தைகள் சிலரின் மலத்தில் ரோட்டா கிருமி இருந்தது, ஆனால் பேதி இல்லை! அந்தப் பிள்ளைகள் வளரும்போதும் ரோட்டா பேதி மற்ற பிள்ளைகளைவிடக் குறைவாகவே வந்தது. மாட்டுக்கு வரும் ரோட்டா வைரஸின் ஒரு கூறு அந்தக் கிருமியில் இயற்கையாகவே கலந்திருந்தது. (அதுக்காக மாட்டுக் கொட்டகையில பிள்ளைய விட்டுடாதீங்க!) சாதுவான அந்தக் கிருமியையே மருந்தாக்கினார்கள்.

தமிழ்நாட்டில் இது இலவச தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது 2017 செப்டம்பரில்தான். ஏன் முப்பது வருஷம்? ஆய்வுக்கூடத்தில் ஒரு குப்பியில் வளர்ப்பது வேறு, லட்சக்கணக்கான டோஸ் ஒரே தரத்தில், அரசு வாங்கக்கூடிய விலையில் செய்வது வேறு. அந்த வேலையை ஐதராபாத்தின் பாரத் பயோடெக் நிறுவனம் செய்தது. அதன்பின் நிரூபிக்க வேண்டும். 2011-ல் தில்லி, புனே பகுதி, நம் வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 கைக்குழந்தைகள் சோதனையில் சேர்ந்தார்கள். மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகளுக்கு மருந்தில்லாத சொட்டு. யாருக்கு எது என்று தாய்க்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு வழியில்லை.

"நம்ம பிள்ளைங்கள வச்சு சோதனையா?" என்று கோபப்படுபவர்கள் உண்டு. பெற்றோர் சம்மதம் இல்லாமல் சேர்க்கக் கூடாது என்பது சட்டம். விளக்கம் கேட்கலாம், மறுக்கலாம், நடுவில் விலகலாம். எந்த மருந்துச் சோதனைக்கும் இதே உரிமை உங்களுக்கு உண்டு. புரியாமல் கைநாட்டு வைக்காதீர்கள்.

முடிவு என்ன தெரியுமா? முதல் வருஷத்தில் கடுமையான ரோட்டா பேதி 56 சதவீதம் குறைந்தது. நூறு பிள்ளைகளுக்கு வர வேண்டியது 44 பேருக்கு வந்தது. "பாதிதானா?" என்று தோன்றும். மீதி 56 வீட்டில் நடுராத்திரியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லையே! ஆனாலும் சொட்டு போட்ட பிள்ளைக்கும் பேதி வரலாம், வேறு கிருமிகளாலும் வரலாம். ஓ.ஆர்.எஸ். கரைசல், 14 நாள் துத்தநாக மாத்திரை, தாய்ப்பால் மூன்றும் நிற்கக் கூடாது. கண் குழி விழுந்தாலோ, பால் குடிக்காமல் துவண்டாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சொட்டு 6, 10, 14-வது வாரங்களில், மொத்தம் மூன்று தடவை. முதல் சொட்டு தவறியிருந்தாலும் ஒரு வயதுக்குள் ஆரம்பிக்கலாம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது தடுப்பூசி அட்டையை எடுத்து வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.