கியர்பாக்ஸைப் பிரிக்கச் சொன்னால்...

விளைந்ததை நாமே சந்தைக்குக் கொண்டுபோவோம் என்று இறங்கிய நம் உழவர்கள் பலரிடம் ஒரு பழைய பிக்கப் வண்டி இருக்கும். என்னிடமும் உண்டு. தாளவாடியிலிருந்து கோசும் பீட்ரூட்டும் ஏற்றிக்கொண்டு வாரம் இரண்டு நடை சத்தியமங்கலம் இறங்குவேன்.

போன மாதம் திரும்பும்போது 12 மூட்டை கடலைப் புண்ணாக்கோடு பண்ணாரி தாண்டித் திம்பம் மலை ஏறினேன். மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவு. பாதி தாண்டியதுமே வண்டி திணறியது. ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் அலறுது, வண்டி நகரமாட்டேங்குது. கருகல் வாடை வேற. பாதி மூட்டையைத் தெரிந்தவர் வண்டிக்கு மாற்றிவிட்டு, நின்று நின்று ஊர் சேர்ந்தேன்.

பட்டறையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "கியர்பாக்ஸ் போச்சுங்க. பிரிச்சு வேலை செய்யணும், 35,000 ஆகும்" என்றார்கள். கோசில் அந்தப் போகம் கையில் நின்றதே அவ்வளவுதான்.

பக்கத்துத் தோட்டத்து மாமா பல வருஷம் லாரி ஓட்டியவர். அவரிடம் சொன்னேன். "ஏன் மாப்ளே, இலை மஞ்சளாச்சுன்னா உடனே மருந்தா அடிக்கறே? வேரைப் பார்க்கறயில்ல? இதையும் அப்படிப் பாரு" என்றார். இருவரும் களத்தில் வண்டியை நிறுத்தி நான்கு சோதனை செய்தோம்.

1. இன்ஜினை அணைத்துவிட்டு எல்லா கியரும் போட்டுப் பார்த்தோம். பிறகு இன்ஜின் ஓட ஓட போட்டோம். அணைத்தால் சுலபமாக விழுந்து, ஓடும்போது மட்டும் கரகரவென்று முரண்டு பிடித்தால், கிளட்ச் சரியாக விடவில்லை. இரண்டு நிலையிலும் விழவில்லை என்றால்தான் கியர் லிவர் இணைப்பையோ பெட்டியின் உள்பக்கத்தையோ சந்தேகப்பட வேண்டும். எங்களுக்கு இரண்டிலும் நன்றாக விழுந்தது.

2. நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டுக் காது கொடுத்தோம். அப்போது வரும் சத்தம் கிளட்ச் பெடலை மிதித்ததும் நின்றால், கியர்பாக்ஸ் பேரிங் தேய்ந்திருக்கலாம். மிதிக்கும்போதுதான் சத்தம் வருகிறது என்றால் கிளட்சின் ரிலீஸ் பேரிங். எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை.

3. கியர் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்தோம். விரலில் நைசாகச் சாம்பல் நிறப் பசை ஒட்டினால் அது வழக்கமான தேய்மானம். இரும்புச் சில்லு வந்தால் பல் உடைந்திருக்கிறது. பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. எங்களுடையது சுத்தமாக இருந்தது.

4. சமதரையில் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, ஹேண்ட் பிரேக் இழுத்து, முன்னால் ஆள் நிற்காமல் பார்த்துக்கொண்டு, நாலாவது கியர் போட்டுக் கிளட்சை மெல்ல விட்டேன். நல்ல கிளட்ச் என்றால் இன்ஜின் உடனே அணைந்துவிடும். என் வண்டி பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது! கிளட்ச் வழுக்குகிறது. இந்தச் சோதனையை ஒரு தடவைக்கு மேல் செய்யாதீர்கள், பிளேட் கருகிவிடும்.

காரணமும் தெரிந்தது. கிளட்ச் பெடலை அழுத்தினால் தொடக்கத்தில் கொஞ்சம் காலியாக இறங்க வேண்டும். என் வண்டியில் அந்த இடைவெளியே இல்லை. என்னுடையது கேபிள் கிளட்ச். பிளேட் தேயத் தேய அந்த இடைவெளி குறையும், அவ்வப்போது கேபிளைத் தளர்த்திவிட வேண்டும். நான் தளர்த்தவே இல்லை. போதாததற்கு, மலையில் கிளட்ச் மேல் காலை வைத்தபடியே ஓட்டும் பழக்கம் எனக்கு. தப்பு என்னுடையதுதான்.

வேறு பட்டறையில் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் மாற்றினோம். கூலியோடு 9,000 ரூபாய். கிளட்ச் மாற்றவும் கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆகணும். ஆனால் இறக்குவது வேறு, பிரிப்பது வேறு. இறக்கியிருக்கும்போதே இன்ஜின் பின்பக்க ஆயில் சீல் கசிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆயில் பட்டால் புதுப் பிளேட்டும் வழுக்கும்.

யாராவது கியர்பாக்ஸைப் பிரிக்கச் சொன்னால், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். கழற்றிய பொருளையும் வாங்கிப் பாருங்கள். என் பழைய பிளேட்டில் ரிவிட் தலை வரைக்கும் தேய்ந்திருந்தது. அதைக் களத்துச் சாளையில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன், வண்டி எடுக்கும்போதெல்லாம் கண்ணில் படட்டும் என்று.