கருவில் குழந்தையின் நிலையும் தாயின் கவலையும்

கால் முந்திப் பிறந்தவர் மிதித்தால் முதுகுப் பிடிப்பு நீங்கிவிடும் என்றொரு நம்பிக்கை வட இந்தியாவின் பல பகுதிகளில் வழங்கி வருகிறது. அவ்விதம் பிறந்து உயிர் பிழைத்தோர் ஒரு காலத்தில் அரியராய் இருந்தமையே அவர்களுடைய காலுக்கு இத்தகைய மதிப்பைத் தேடித் தந்திருக்கக்கூடும். குழந்தை தலை முந்தி வராவிடில் தாயோ சேயோ தப்புவது அரிது என்ற அச்சம் அக்காலத்தில் காரணமற்றதன்று. இன்று நிலைமை வேறு. குழந்தை எந்நிலையில் உள்ளது என்பதை உரிய காலத்தில் அறிந்து, பிரசவம் நிகழவேண்டிய இடத்தை முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டால் பெரும்பாலான தாய்மாரும் குழந்தைகளும் நலமாகவே பிழைக்கின்றனர். ஆயினும் பழைய அச்சம் மட்டும் மறையவில்லை. ஸ்கேன் அறிக்கையில் காணும் ஓரிரு சொற்களால் அது புத்துயிர் பெற்றுவிடுகிறது.

28 வாரக் கர்ப்பிணி ஒருத்தி ஸ்கேன் எடுத்துக்கொள்கிறாள். அறிக்கையில் ‘பிட்டம் முந்திய நிலை’ என்று எழுதப்பட்டிருக்கிறது. அதன் பொருளை அவளுக்கு எவரும் விளக்குவதில்லை. வீட்டிலுள்ளோர் ‘குழந்தை திரும்பவில்லையாம்’ என்று தமக்குள் பேசிக்கொள்ளத் தொடங்குகின்றனர். அன்று முதல் அவளுக்கு உறக்கமில்லை. வயிற்றைத் தடவித் திருப்பிவிடுவதாகக் கூறும் ஒருவரைத் தேடி அவளை அழைத்துச் செல்வதும் உண்டு. இதற்கு நேர்மாறாக, 37ஆம் வாரத்திலும் குழந்தை குறுக்கே கிடப்பதை எவரும் கவனியாது விட்டுவிடுவதும் நிகழ்கிறது. முன்னவளின் கவலை தேவையற்றது. பின்னவளைக் குறித்துக் கவலைப்பட்டிருக்கவேண்டியவர் கவலைப்படவில்லை. இவ்விரு தவறுகளும் காலத்தைப் பற்றிய தெளிவின்மையால் விளைபவை.

குழந்தை ஏன் திரும்புகிறது?

28ஆம் வாரத்தில் ஏறத்தாழ 100க்கு 20 முதல் 25 குழந்தைகள் பிட்டம் கீழாகவே இருக்கின்றன. மாதம் நிறைந்தபின் இவ்வெண்ணிக்கை 100க்கு 3 அல்லது 4 ஆகக் குறைந்துவிடுகிறது. அதாவது, ஏழாம் மாதத்தில் ‘திரும்பாத’ குழந்தைகளுள் மிகப் பெரும்பாலானவை எவருடைய உதவியுமின்றித் தாமே திரும்பிவிடுகின்றன.

இதன் காரணத்தைக் கருப்பையின் உருவத்தில் காணலாம். கருப்பை கவிழ்த்து வைத்த பேரிக்காயைப் போன்றது. அதன் மேற்பகுதி அகன்றும் கீழ்ப்பகுதி ஒடுங்கியும் இருக்கும். தொடக்க மாதங்களில் குழந்தை சிறியது. அதைச் சூழ்ந்துள்ள பனிக்குட நீரோ அதன் அளவை நோக்க மிகுதி. எனவே குழந்தை மீனைப்போல எத்திசையிலும் புரள்கிறது. மாதங்கள் ஏற ஏற இடம் குறைகிறது. மடங்கிய தொடைகளும் கால்களும் பிட்டத்துடன் சேர்ந்து தலையைக்காட்டிலும் பருமனான தொகுதியாகின்றன. அப்பருமனான பகுதி அகன்ற மேற்புறத்தை நாடுகிறது. தலை ஒடுங்கிய கீழ்ப்புறத்தில் அமைகிறது. கால்களை உதைத்து உதைத்துக் குழந்தையே இத்திருப்பத்தை நிகழ்த்திக்கொள்கிறது.

சில குழந்தைகளின் கால்கள் முழங்காலில் மடங்காமல் முகத்தை நோக்கி நேரே நீண்டிருக்கும். உடைந்த எலும்புக்கு வைத்துக் கட்டும் சிம்பைப்போல அக்கால்கள் உடலை வளையவிடாது தடுப்பதால், குழந்தை புரள்வது கடினமாகிறது. மாதம் நிறைந்தும் பிட்டம் கீழாகவே நிற்கும் குழந்தைகளுள் பாதிக்கு மேற்பட்டவை இவ்வகையின. இரட்டைக் கரு, பனிக்குட நீர் மிகுதல் அல்லது குறைதல், நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்திருத்தல், கருப்பையில் கட்டி, கருப்பையின் பிறவி உருவ வேறுபாடு ஆகியனவும் காரணமாகலாம். பலமுறை ஈன்ற தாயின் வயிற்றுத் தசைகள் தளர்ந்திருப்பின் குழந்தை குறுக்கே கிடப்பதும் உண்டு. இவற்றைக் கண்டறிய மருத்துவச் சோதனை அவசியம். ஆனால் பெரும்பாலோரிடத்தில் ஒரு காரணமும் புலப்படுவதில்லை. தாய் பளு தூக்கினாள், இடப்புறம் படுத்தாள், மாடிப்படி ஏறினாள் என்றெல்லாம் அவள்மீது பழி சுமத்துவதற்கு எவ்வித ஆதாரமும் இல்லை. களப்பணியாளர் இதனை மாமியாரின் காதிலும் விழும்படி கூறுவது நல்லது.

கையால் அறிதல்

வயிற்றின்மீது கைகளை வைத்துக் குழந்தையின் நிலையை அறியும் நான்கு படிகளை ஜெர்மானிய மருத்துவர் லியோபோல்ட் 1894இல் வகுத்துரைத்தார். இன்றும் துணைச் செவிலியர்கள் பயில்வது அம்முறையே. தாய் சிறுநீர் கழித்துவிட்டு, முழங்கால்களைச் சற்று மடக்கி மல்லாந்து படுக்கவேண்டும். பார்ப்பவரின் கைகள் வெதுவெதுப்பாக இருத்தல் அவசியம்; குளிர்ந்த கை பட்டால் வயிறு இறுகிவிடும். முதலில் கருப்பையின் மேல்முனையில் இருப்பது யாது என்று தொட்டுணரவேண்டும். தலை உருண்டையாகவும் கடினமாகவும் இருக்கும். இரு விரல்களுக்கிடையே தட்டினால் உடல் அசையாது தலை மட்டும் துள்ளும். பிட்டம் அகன்றும் மென்மையாகவும் இருக்கும். அதை அசைத்தால் உடலும் கூடவே அசையும். அடுத்து, முதுகு எப்பக்கம், கைகால்கள் எப்பக்கம் என்பதை இரு விலாப்புறங்களிலும் அறிந்து, பின்னர்க் கீழ்ப்பகுதியைச் சோதிக்கவேண்டும். இதய ஒலி தொப்புளுக்குக் கீழே தெளிவாகக் கேட்பின் தலை கீழே இருப்பதற்கும், மேலே கேட்பின் பிட்டம் கீழே இருப்பதற்கும் அது ஓர் அறிகுறியாகும்.

தேர்ந்த கையும் சில வேளைகளில் ஏமாறும். முதற்கருவில் வயிற்றுத்தசை இறுகியிருக்கும். கால் நீண்ட குழந்தையின் பிட்டம் இடுப்புக்கூட்டினுள் ஆழ்ந்திருப்பின் தலையைப்போலவே கடினமாகத் தோன்றும். ஆதலின் 36ஆம் வாரத்தில் ஐயம் எழுமாயின் ஸ்கேன் மூலம் உறுதி செய்துகொள்ளவேண்டும். 2016இல் தொடங்கப்பெற்ற பிரதம மந்திரியின் பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தின்கீழ் ஒவ்வொரு மாதமும் 9ஆம் நாள் அரசு மருத்துவ நிலையங்களில் கர்ப்பிணிகளை மருத்துவர்கள் சோதிக்கின்றனர். அந்நாளை இதற்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஸ்கேன் அறையில் குழந்தையின் நிலையைக் கேட்பது தாயின் உரிமை. ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் மட்டுமே 1994ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுக்கப்பட்டவை. சட்டத்துக்கு அஞ்சி எதையுமே கேளாமல் திரும்பிவரும் பெண்கள் உள்ளனராதலின் இதனை விளக்குதல் தகும்.

36ஆம் வாரத்திற்குப் பின்

குழந்தை 36ஆம் வாரத்திலும் பிட்டம் கீழாக இருப்பின் இனிக் காத்திருத்தல் மட்டும் போதாது. முதற்கருவில் இதன்பின் தானே திரும்புபவை 100க்கு 8 அளவே. இக்கட்டத்தில் மருத்துவர் தாயின் வயிற்றின்மீது கைகளை வைத்து, குழந்தையை மெல்ல அழுத்திக் குட்டிக்கரணம் போடச்செய்வது போலத் திருப்ப முயலலாம். வெளிப்புறத் திருப்புதல் எனப்படும் இம்முறை ஏறத்தாழ பாதிப்பேரிடத்தில் வெற்றி பெறுகிறது. முன்னர்ப் பிள்ளை பெற்றவர்களிடம் சற்று அதிகமாகவும், முதற்கருவில் சற்றுக் குறைவாகவும் பயன் தருகிறது. தாய்க்குச் சிறிது வேதனை இருக்கும். கருப்பையைத் தளர்த்தும் மருந்து கொடுப்பதும் உண்டு. முன்னும் பின்னும் குழந்தையின் இதயத்துடிப்பு கவனிக்கப்படும். தாயின் இரத்தம் ஆர்எச் எதிர்மறை வகையாயின் அதற்குரிய ஊசி தேவைப்படும். இரத்தப்போக்கு, இரட்டைக் கரு, கருப்பை வாயை மறைக்கும் நஞ்சுக்கொடி, பனிக்குடம் உடைந்திருத்தல் ஆகிய நிலைகளில் இதனை முயல்வதில்லை.

நாட்டு மருத்துவச்சி வீட்டில் செய்வதும் இதுதானே என்று தாய்மார் கேட்பர். கை செய்யும் வேலை ஒத்ததாகத் தோன்றினும், சூழ்நிலை முற்றிலும் வேறு. ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கு, திருப்புதலுக்குப் பின் உடனடியாகச் சிசேரியன் அறுவை தேவைப்படுகிறது. அறுவைக்கூடம் அடுத்த அறையில் இருக்கும்போது அது சமாளிக்கத்தக்க இடர். கிராமத்து வீட்டுத் திண்ணையில் அதுவே உயிர்ச்சேதமாகும். நஞ்சுக்கொடி எங்குள்ளது என்று அறியாமல் வயிற்றை அழுத்துவோர் அது பிரிந்து இரத்தம் பெருகுவதற்கு வழி செய்துவிடலாம்.

திரும்பாத குழந்தையைப் பெறும் வழி குறித்து மருத்துவர்களிடையே நெடுங்காலம் வாதம் நிகழ்ந்தது. 26 நாடுகளில் 2,000க்கு மேற்பட்ட பெண்களைக்கொண்டு நடத்தப்பட்டு 2000இல் வெளியான ஆய்வில், இறந்த அல்லது கடும் பாதிப்புற்ற குழந்தைகள் திட்டமிட்ட சிசேரியனில் 100க்கு 1.6 ஆகவும், இயல்பு வழிப் பிரசவத்தைத் திட்டமிட்டவர்களிடத்தில் 100க்கு 5 ஆகவும் இருந்தன. அதன்பின் பல நாடுகளில் சிசேரியனே வழக்கமாயிற்று. ஆயினும் அக்குழந்தைகளுள் ஒரு பகுதியினரை இரண்டு வயதில் மீண்டும் சோதித்தபோது, இறப்பிலும் வளர்ச்சிக் குறைவிலும் இரு பிரிவினரிடையே வேறுபாடு காணப்படவில்லை. தக்க தாய்மாரைத் தேர்ந்து, பயிற்சி மிக்கோர் உடனிருந்து பார்க்குமிடத்தில் இயல்பான பிரசவமும் பாதுகாப்பானதே என 2006இல் வெளியான பிரெஞ்சு, பெல்ஜிய ஆய்வு காட்டியது. சிசேரியனால் கருப்பையில் ஏற்படும் தழும்பு அடுத்த கருவில் சில இடர்களைத் தரக்கூடுமாதலால், மருத்துவர் தாயின் நிலையை ஒட்டியே முடிவு செய்வார்.

இவ்வளவு எச்சரிக்கை எதற்காக? தலை முந்தி வரும்போது மண்டையோட்டின் எலும்புகள் பல மணி நேரத்தில் சிறிது சிறிதாக ஒன்றன்மேலொன்று ஏறி, தலை வழிக்கேற்ப உருமாறுகிறது. பிட்டம் முந்தி வருகையில் அதே தலை சில நிமிடங்களில் கடந்து வரவேண்டும். அந்நிமிடங்களில் கொப்பூழ்க்கொடியும் நசுங்குகிறது. முற்றும் விரியாத கருப்பை வாயின் வழியாக மெல்லிய உடல் நழுவி வந்துவிட, தலை சிக்கிக்கொள்வதும் உண்டு. எதிர்பாராத வகையில் வீட்டிலோ வண்டியிலோ பிட்டம் தோன்றிவிட்டால் அஞ்சிப் பிடித்து இழுப்பதே பெரும் பிழை. இழுத்தால் கைகள் மேலே எழும்பிவிடும். தலையும் நிமிர்ந்து சிக்கும். தாய் தானே முக்கித் தள்ளட்டும். குழந்தையின் முதுகு மேல்நோக்கி இருக்குமாறு மட்டும் பார்த்துக்கொண்டு உதவியை அழைக்கவேண்டும்.

குறுக்கு நிலை இதனினும் அபாயமானது. மாதம் நிறைந்த கர்ப்பிணிகளில் ஏறத்தாழ 300 பேருக்கு ஒருவரிடம் காணப்படும் இந்நிலையில், குழந்தை குறுக்கே கிடக்கும்வரை பிரசவ வழியில் வெளிவர இயலாது; கவனியாது விட்டால் கருப்பை கிழியும். இந்நிலையிலும், கால் முந்திய நிலையிலும், பனிக்குடம் உடைந்ததும் கொடி நழுவி முன்னே வந்துவிடக்கூடும். ஆகையால் வலி தொடங்கும்வரை காத்திராமல், நீர் உடைந்தவுடன் புறப்படவேண்டும். கொடி வெளியே தெரிந்தால் அதனை உள்ளே தள்ள முயலாமல், தாயை முழங்காலும் மார்பும் தரையில் படியுமாறு இடுப்பை உயர்த்தி இருக்கச்செய்து, அல்லது இடுப்பின்கீழ்த் தலையணை வைத்து இடப்புறமாகப் படுக்கவைத்துக் கொண்டுசெல்லவேண்டும். இரத்தம் ஏற்றவும் அறுவை செய்யவும் வசதியுள்ள மருத்துவமனை எது, அங்குச் செல்ல எவ்வளவு நேரமாகும், இரவில் எவரை அழைப்பது என்பவற்றைத் தாய்-சேய் பாதுகாப்பு அட்டையிலேயே குறித்து வைக்கலாம். 2011இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி அரசு மருத்துவமனையில் சிசேரியனும் போக்குவரத்தும் இலவசம். செலவுக்கு அஞ்சிப் புறப்படாதிருக்கும் குடும்பத்துக்கு இச்செய்தியே பெரிய ஆறுதல்.

பிற கவலைகள்

முழங்காலிட்டுக் கவிழ்ந்திருத்தல் போன்ற பயிற்சிகள் குழந்தையைத் திருப்பும் என்பதற்குப் போதிய சான்றில்லை. செய்வதால் தீங்கில்லை, தாய்க்கு முதுகு வலி குறைவதாகத் தோன்றினால் செய்யட்டும். ஆனால் பயிற்சியை விட்டதனால்தான் குழந்தை திரும்பவில்லை என்று அவள் தன்னையே நொந்துகொள்ளும்படி விடலாகாது.

தலை கீழே இருந்தும் குழந்தையின் முதுகு தாயின் முதுகை நோக்கியிருப்பதாகச் சொன்னால் அதுவும் அச்சம் தருகிறது. இத்தகைய குழந்தைகளுள் பெரும்பாலானவை பிரசவ வலியின்போது தாமே சுழன்று முன்நோக்கிவிடும். தலை இன்னும் இறங்கவில்லை என்பது மற்றொரு கவலை. முதற்கருவில் பெரும்பாலும் கடைசி வாரங்களில் தலை இறங்கும். பின்வரும் கருக்களில் வலி கண்ட பின்னரே இறங்குவது மிகச் சாதாரணம். கழுத்தில் கொடி சுற்றியிருத்தலோ பிறக்கும் குழந்தைகளில் நால்வருக்கு ஒருவர் என்ற அளவில் காணப்படுவது, பெரும்பாலும் தீங்கற்றது. மாலை சுற்றிப் பிறந்த குழந்தை மாமனுக்கு ஆகாது என்பது நம் பக்கத்து நம்பிக்கை. மாமன்மாருக்கு ஆறுதல் சொல்லும் பொறுப்பைப் பள்ளி ஆசிரியர் ஏற்கலாம்.

எந்நிலையில் இருப்பினும் குழந்தையின் அசைவு குறைந்தால் அன்றே சோதனைக்குச் செல்லவேண்டும். நிலையைப் பற்றிய கவலையில் மூழ்கி இதனை மறந்துவிடுவது கூடாது.

பிட்டம் முந்திய நிலையில் இருந்த குழந்தை பிறந்தபின் சில நாள்வரை கால்களை வயிற்றின்மீது உயர்த்தியே வைத்திருக்கும். இது ஊனமன்று. ஆயினும் இத்தகைய குழந்தைகளுக்கு, சிறப்பாகப் பெண் குழந்தைகளுக்கு, இடுப்பு மூட்டு சரியாக அமையாதிருக்கும் வாய்ப்புச் சற்று மிகுதி. பிறந்தவுடன் மருத்துவர் மூட்டைச் சோதிப்பதுடன், ஏறத்தாழ ஆறாவது வாரத்தில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தலும் நன்று. கால்களை நேராக்குவதாக எண்ணி நீட்டி இறுகத் துணி சுற்றுவது அம்மூட்டுக்கே கேடு. தொடைகள் அகன்று மடங்கியிருக்கத் தளர்வாகச் சுற்றுவதே முறை.