சில்லின் கால்களும் சோதனை இயந்திரத்தின் செக்ரோலும்



பினாங்கு பாயான் லெப்பாஸில் 1972ஆம் ஆண்டு தடையற்ற வாணிப வட்டாரம் உருவாயிற்று. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே முதன்முதலாகத் தொழிற்சாலை அமைத்ததும் அதே ஆண்டில், அதே பினாங்கில்தான். இத்தகைய தொழிற்சாலைகளுக்கு நம் பிள்ளைகள் வேலைக்குச் செல்லும்போது, "பொத்தானை அழுத்தும் வேலைதானே?" என்று கேட்போர் உளர். அக்கருத்து எனக்கு உடன்பாடன்று. அங்கு நடைபெறும் பணிகளுள் ஒன்றை மட்டும் இங்கே விளக்குகிறேன்.

வானொலி, கணினி, மருத்துவக் கருவி ஆகியவற்றினுள் இருக்கும் மின்னணுச் சில்லுக்குப் பூரானைப் போல் இருபுறமும் உலோகக் கால்கள் உண்டு. தொழிற்சாலையில் அவற்றைப் 'பின்' என்பர். விற்பனைக்கு அனுப்புமுன் சில்லைச் சோதனை இயந்திரத்தின் தாங்கியில் பொருத்துவர். இயந்திரத்திலிருந்து வரும் கம்பித்தடங்கள் ஒவ்வொரு காலையும் தொடும். ஆனால் எந்தத் தடம் எந்தக் காலைத் தொடுகிறது, அக்காலின் வேலை என்ன என்பது இயந்திரத்திற்குத் தானாகத் தெரியாது. நாம்தான் பட்டியல் எழுதித் தரவேண்டும். காலைப் பெரட்டில் யாருக்கு எந்த நிரை என்று செக்ரோல் பார்த்துச் சொல்வதைப் போன்றதே இது.

1960களில் அமெரிக்காவில் உருவான 7400 என்னும் சில்லை எடுத்துக்கொள்வோம். அதற்கு 14 கால்கள். பதினான்காம் காலில் 5 வோல்ட் மின்சாரம் நுழையும். ஏழாம் கால் தரை இணைப்பு. எஞ்சியவை நான்கு வாயில்களாகப் பிரியும். ஒவ்வொரு வாயிலுக்கும் கேள்வி நுழையும் கால்கள் இரண்டு, விடை வெளிவரும் கால் ஒன்று. 1, 2 கேள்வி, 3 விடை. 4, 5 கேள்வி, 6 விடை. இதே ஒழுங்கில் 8, 9 கேள்வி, 10 விடை என்றுதானே எழுதத் தோன்றும்? அங்கேதான் சிக்கல்! மறுபக்கத்தில் வரிசை தலைகீழாகும்: 8 விடை, 9, 10 கேள்வி.

பட்டியலில் இதனை மாற்றி எழுதிவிட்டால், விடை தரும் எட்டாம் காலுக்குள் இயந்திரம் மின்னழுத்தத்தைத் திணிக்கும். ஒரே கயிற்றை இருவர் எதிரெதிராக இழுப்பதுபோல் இரண்டும் மோதும். சில்லு சூடேறிப் பழுதாகவும் கூடும். குற்றமற்ற சில்லு கழிவுப் பெட்டிக்குப் போகும். ஒரு கால் பட்டியலில் விடுபட்டாலோ தீமை இன்னும் பெரிது. அக்காலைப் பற்றி இயந்திரம் கேட்கவே கேட்காது. பழுதுள்ள சில்லும் தேறிவிடும்.

முதலில் தொடர்புச் சோதனை நடைபெறும். ஒவ்வொரு காலிலும் மிகச் சிறிய மின்னோட்டத்தை ஓடவிட்டு அளப்பர். ஏறத்தாழ 0.6 வோல்ட் காட்டினால் தொடர்பு நன்று. சுழி எனில் எங்கோ குறுக்கே ஒட்டிக்கொண்டுள்ளது. அளவு எல்லைவரை ஏறினால் கால் தொடவேயில்லை. தாங்கியில் அழுக்கோ வளைந்த காலோ இருக்கலாம். எனினும் பெயர் மாறிய கால் இச்சோதனையில் பெரும்பாலும் அகப்படாது. அதுவும் நன்றாகத்தானே தொட்டுக்கொண்டிருக்கிறது!

ஆகவே, நல்லதென முன்பே உறுதியான சில்லொன்றை முதலில் வைத்துப் பார்ப்பர். அது மூன்றாம் வாயிலில் தோற்றால், சில்லைக் குறைகூறாமல் பட்டியலைத் திறந்து, தயாரிப்பாளரின் வரைபடத்தோடு ஒவ்வொரு காலாக ஒப்பிடுவர். இன்றைய கணினிச் சில்லுகள் பலவற்றில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட தொடுமுனைகள் உள்ளன. அவற்றின் பட்டியலைக் கணினியில் கோப்பாகவே வைத்திருக்கின்றனர். சரிபார்க்கும் முறை அதுவேதான்.